திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என்ன வேலை?

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஊரிலிருந்து எனக்கு வரும் போன்கள் கூடிவிடும். ஆண்டாள் கோயில் தேரோட்டத்துக்கு லீவு போட்டு வா என்று சொல்ல யாரும் கூப்பிடுவதில்லை (அதெல்லாம் நின்று பல வருடம் ஆகிறது). "தம்பி, நம்ம பையனுக்கு எம்பிஏ சீட்டு கெடைச்சிருக்கு. நல்ல காலேஜான்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுப்பா." இதுதான் விஷயம். பதினைந்து வருடமாகப் புனேயில் குப்பை கொட்டுகிறேன், எம்பிஏ மாதிரி ஒன்றைப் படித்திருக்கிறேன், வருடத்துக்கு இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு ஆள் எடுக்கப் போகும் குழுவில் என்னையும் கம்பெனி அனுப்புகிறது. அதனால் எங்கள் சொந்தபந்தத்தில் இந்த சப்ஜெக்டுக்கு நான்தான் அத்தாரிட்டி. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை :-)

அவர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: "நல்ல காலேஜா?" நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்வி: "எதுக்கு நல்ல காலேஜா?" பாதிப் பேர் இந்த இடத்தில் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பேரிடம், அந்தப் பையனையோ பெண்ணையோ என்னிடம் நேராகப் பேசச் சொல்லுங்கள் என்பேன். பேச வருகிறவர்களிடம் நான் கேட்பது இது.

"படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் ஆயிருச்சு. ஒரு திங்கட்கிழமை காலைல பத்து மணி. நீ எங்க இருக்க? என்ன செஞ்சுகிட்டு இருக்க?"

"மேனேஜரா இருப்பேன்" என்பது பதில் ஆகாது. சோப்பு, பிஸ்கட் விற்கிற கம்பெனியில் விற்பனைப் பிரிவுக்குப் போனவன், அந்த நேரத்தில் ஜபல்பூரிலோ கோரக்பூரிலோ ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் குடோனில் நின்று பெட்டி எண்ணிக்கொண்டிருப்பான். கன்சல்டிங் போனவள் ஏதோ ஓர் ஏர்போர்ட்டில் லேப்டாப்பை மடியில் வைத்து ஸ்லைடு திருத்திக்கொண்டிருப்பாள். வங்கியில் கடன் பிரிவுக்குப் போனவன் யாரோ ஒருவருடைய மூன்று வருட பேலன்ஸ் ஷீட்டில் ஓட்டை தேடுவான். தொழிற்சாலை ஹெச்ஆர் என்றால் கேன்டீன் சாப்பாட்டைப் பற்றி யூனியன்காரர்கள் நான்கு பேர் எதிரே உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். என்னைப் போல ஆபரேஷன்ஸ் ஆள் என்றால், சாக்கனில் ஒரு ஷெட்டுக்குள், இரண்டாவது லைன் ஏன் நின்றது என்று விசாரித்துக்கொண்டிருப்பான். இத்தனைக்கும் ஒரே பெயர், எம்பிஏ. இவற்றில் எதைச் செய்ய ஆசை என்று தெரிந்தால்தான் எந்தக் கல்லூரி என்ற பேச்சையே ஆரம்பிக்க முடியும்.

இந்த வருடம் வந்த போன் கொஞ்சம் நெருக்கமான இடத்திலிருந்து. அக்கா மகள். இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் மூன்று வருடமாக டெஸ்டிங் வேலை. கையில் மாதம் முப்பத்தெட்டாயிரம் வருகிறது. டெல்லிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடத்துக்குக் கட்டணமும் ஹாஸ்டலும் சேர்த்து 21 லட்சம். சீட்டை உறுதி செய்ய வெள்ளிக்கிழமைக்குள் ஒரு லட்சம் கட்ட வேண்டும். அவள் போன் செய்தது திங்கட்கிழமை இரவு. அத்தான் அடுத்த வருடம் ரிட்டையர் ஆகப்போகிற பள்ளிக்கூட வாத்தியார். வங்கியில் அந்தக் கல்லூரிக்கு வீட்டை அடமானம் கேட்டிருக்கிறார்கள். பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு, வில்லங்கச் சான்றுக்கும் எழுதிப் போட்டாயிற்று.

"அப்பா எதுவும் சொல்லல மாமா. 'நீ படி, நான் பாத்துக்கிறேன்'னு மட்டும் சொன்னாங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

சரி, அவள் கதைக்கு அப்புறம் வருகிறேன். அவளுக்கு அந்த வாரம் மூன்று இரவுகளில் சொன்னதை இங்கே எழுதிவைத்தால் அடுத்த ஏப்ரலில் எனக்கு வேலை மிச்சம்.

1. ஊருக்கு ஒரு கைப்பக்குவம்

முதலில் என் கதை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே மெஷின் ஓடுகிற சத்தம் பிடிக்கும். ஊர்ப் பக்கம் நூல் மில்லும் அச்சாபீசும் பார்த்து வளர்ந்த பழக்கம். மும்பை பவாயில், விஹார் ஏரிக் கரையில், அப்போது நிட்டி என்று ஒரு நிறுவனம் இருந்தது. 1963ல் மத்திய அரசு ஆரம்பித்தது. தொழிற்சாலையை எப்படி நடத்துவது என்பதுதான் அங்கே அடிப்படைப் பாடம். நான் அங்கே சேர்ந்தபோது அண்ணன் கேட்டான்: "ஐஐஎம்முனு பேர்ல இல்லாத எடத்துலயா போய்ச் சேர்ற?" அது 2023ல் ஐஐஎம் மும்பை ஆகிவிட்டது. நான் படித்த வகுப்பறை அதேதான், வாசலில் போர்டு மட்டும் மாறியிருக்கிறது. இப்போது அண்ணன் கல்யாண வீடுகளில் "தம்பி ஐஐஎம்" என்று அறிமுகப்படுத்துகிறான் :-)

அங்கே 'மண்டி' என்று ஒரு வழக்கம். கல்விப் பொம்மைகளைக் கையில் கொடுத்து மும்பைத் தெருவில் போய் விற்றுவிட்டு வா என்று அனுப்பிவிடுவார்கள். எனக்கு அப்போது இந்தி அரைகுறை, மராத்தி சுத்தம். அந்த ஒரு நாளில் தெரிந்துகொண்டது, விற்பனை எனக்கு வராது என்பதும், விற்கிறவனை மதிக்க வேண்டும் என்பதும். ஒரு கல்லூரி எதை முக்கியம் என்று நினைக்கிறதோ அது இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில்தான் தெரியும்.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பிறப்புக் கதை இருக்கிறது, அது லேசில் மாறுவதில்லை. ஐஐஎம்களில் முதல் இரண்டும், கல்கத்தாவும் அகமதாபாதும், 1961ல் வந்தவை. அகமதாபாதுக்கு ஹார்வர்டு கைகொடுத்தது. அதனால் அங்கே கேஸ் ஸ்டடிதான் எல்லாம். நிஜக் கம்பெனியின் நிஜப் பிரச்சினையை முந்தின இரவே படித்துவிட்டு வந்து வகுப்பில் வாதாட வேண்டும். கல்கத்தாவுக்கு எம்ஐடி கைகொடுத்தது. கணக்கும் நிதியும் அங்கே கை ஓங்கி இருப்பதற்கு அது ஒரு காரணம்.

ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐ 1949ல் ஏசு சபைப் பாதிரியார்கள் ஆரம்பித்தது. இரும்பு ஆலை ஊரில் தொழிலாளர்களும் நிர்வாகமும் பேசிக்கொள்ள வழி தேடி வளர்ந்த இடம். மனிதவளப் படிப்பு என்றால் இன்றைக்கும் முதலில் வாயில் வருகிற பெயர் அது. மும்பை டிஸ் 1936ல் சமூகப் பணிக் கல்லூரியாகத் தொடங்கியது. அங்கேயும் ஹெச்ஆர் படிப்புக்குத் தனி மரியாதை. ஆனந்தில் இர்மா, 1979ல் வர்கீஸ் குரியன் ஆரம்பித்தது. பால் கூட்டுறவு, கிராமப்புறத் தொழில் என்று போக ஆசைப்படுகிறவர்களுக்கு அதுதான் வாசல். 2025ல் அது திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகத்துக்குள் வந்துவிட்டது. ஏற்றுமதி இறக்குமதி என்றால் ஐஐஎஃப்டி (1963). விளம்பரம், பிராண்டு என்றால் அகமதாபாதில் மைக்கா (1991). டெல்லிப் பல்கலைக்கழகத்தின் எஃப்எம்எஸ் (1954) மார்க்கெட்டிங்குக்குப் பேர் போனது. முழுப் படிப்பும் சில லட்சங்களில் முடிந்துவிடுகிற அதிசயமும் அங்கே உண்டு. மும்பையில் ஜம்னாலால் பஜாஜ் (1965), அந்த ஊர் நிதி நிறுவனங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

நம் ஊரில் வேலை பார்க்க வேண்டும் என்று தீர்மானமாக இருப்பவர்களுக்கு நம் ஊரிலேயே இடம் இருக்கிறது. சென்னை லிபா (1979), திருச்சி பிம் (1984), 2011ல் வந்த திருச்சி ஐஐஎம், கோவை பிஎஸ்ஜி. ஓசூர், கோவை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை தேடுகிறவர்களுக்கு, அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் சீனியர்கள் பெரிய பலம்.

இந்தப் பட்டியலை முதல் இடம், இரண்டாம் இடம் என்று வரிசைப்படுத்தக் கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். அறுவாளையும் ஊசியையும் எப்படி வரிசைப்படுத்துவது? தென்னந்தோப்புக்குப் போகிறாயா, தையல் கடைக்குப் போகிறாயா என்று சொல், அப்புறம் பார்ப்போம்.

அரசாங்கமே 2016லிருந்து என்ஐஆர்எஃப் என்று தரவரிசை போடுகிறதே என்பார்கள். போடுகிறது, உபயோகமும் உண்டு. ஆனால் மேலாண்மைக் கல்லூரிகளுக்கான அந்த நூறு மதிப்பெண்ணில் முப்பது ஆராய்ச்சிக்குப் போகிறது. பேராசிரியர்கள் எத்தனை கட்டுரை எழுதினார்கள் என்பது கல்லூரிக்கு முக்கியம். உன் திங்கட்கிழமைக்கு அது எவ்வளவு முக்கியம் என்று நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. சம்பளக் கணக்கு படிக்கிற வித்தை

எல்லாக் கல்லூரியும் ஒரு வழவழப்பான புத்தகம் போடும். அதில் கொட்டை எழுத்தில் அதிகபட்சச் சம்பளம். அதைப் பார்க்காமல் பக்கத்தைத் திருப்பிவிடலாம். அந்த ஓர் ஆள் நீயாக இருக்கப் போவதில்லை என்று வைத்துக்கொண்டு படிப்பதே உத்தமம்.

அடுத்தது சராசரி. பத்துப் பேர் இருக்கிறார்கள். ஒன்பது பேருக்கு 8 லட்சம், ஒருவனுக்கு 60 லட்சம். சராசரி 13 லட்சத்து 20 ஆயிரம்! அந்தத் தொகை அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. அதனால் கேட்க வேண்டியது மீடியன். வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்கிறவனுக்கு என்ன சம்பளம்? நம் உதாரணத்தில் 8 லட்சம். புத்தகத்தில் மீடியன் இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேள். வகுப்பில் மொத்தம் எத்தனை பேர், அதில் எத்தனை பேரைக் கணக்கில் எடுத்தார்கள் என்றும் கேள். "வேலை வேண்டாம் என்று சொன்னவர்கள்" என்ற தலைப்பில் நிறையப் பேர் ஒதுங்கியிருந்தால், அவர்கள் நிஜமாகவே வேண்டாம் என்றார்களா என்று விசாரி. இந்தத் தில்லுமுல்லுகளைத் தவிர்க்கத்தான் ஐஐஎம் அகமதாபாது முன்னின்று, வேலைவாய்ப்பு அறிக்கைக்கு என்று ஒரு பொதுத் தரம் வகுத்தது. அந்தத் தரத்தில், வெளித் தணிக்கையோடு அறிக்கை தருகிற கல்லூரியாக இருந்தால் கொஞ்சம் நிம்மதி.

சிடிசி என்பது இன்னொரு மாயம். 12 லட்சம் என்று கடிதத்தில் இருக்கும். அதில் 2 லட்சம் சேரும்போது ஒரே ஒரு முறை தருவது. ஒன்றரை லட்சம் கம்பெனியும் நீயும் நன்றாகச் செய்தால் தருவது. பிஎஃப்பில் கம்பெனி பங்கு, கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் பிரீமியம் எல்லாம் அதற்குள்ளேதான். மாதாமாதம் வங்கிக் கணக்கில் விழுவது அறுபதாயிரத்துச் சொச்சம்.

கேட்க வேண்டிய எல்லாவற்றிலும் பெரிய கேள்வி இது: என்னை மாதிரி ஆள் அங்கே போய் என்ன ஆனான்? உன் மதிப்பெண், உன் அனுபவம், உன் ஆசை, இவற்றோடு இரண்டு வருடம் முன்னால் உள்ளே போனவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? லிங்க்ட்இன்னில் தேடினால் கிடைப்பார்கள். பத்துப் பேருக்கு எழுதினால் நான்கு பேராவது பதில் போடுவார்கள். அந்த நான்கு பேர் சொல்வது நாற்பது பக்கப் புத்தகத்தைவிடப் பெரிது.

ஆள் எடுக்கிற பக்கம் உட்கார்ந்து பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கல்லூரிக்குப் போவது என்று நாங்கள் எப்படி முடிவு செய்கிறோம்? முதலில், நாங்கள் தரும் சம்பளத்துக்கு அங்கே ஆள் வருவார்களா? அடுத்து, போன வருடங்களில் எடுத்தவர்கள் நிலைத்தார்களா, ஆறு மாதத்தில் ஓடிவிட்டார்களா? எங்கள் சம்பளம் உச்ச வரிசை ஐஐஎம்களில் எடுபடாது, அதனால் அந்த வாசலையே மிதிப்பதில்லை. ஆகவே தொழிற்சாலைதான் ஆசை என்று நினைக்கிற பையன், எங்களைப் போன்ற கம்பெனிகள் வரிசையாக வந்து நிற்கிற கல்லூரியில் இருந்தால் அவனுக்குத்தான் லாபம்.

நேர்முகத்தில் "ஏன் ஆபரேஷன்ஸ்?" என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் "சார், அதுதான் கம்பெனியின் முதுகெலும்பு" என்பார்கள். மனப்பாடம். போன வருடம் ஒரு பையன், தன் ஊர் ஓட்டுச் சூளையில் மழைக்காலத்தில் ஓடு காயாமல் ஆர்டர் தவறுவதையும், அதற்கு அவன் அப்பா என்ன செய்வார் என்பதையும் பத்து நிமிஷம் சொன்னான். அவனுக்கு அன்றைக்கே கடிதம். அவன் எங்கே போக வேண்டும் என்று தெரிந்து படிக்க வந்தவன்.

3. காசு

பெரிய ஐஐஎம்களில் இப்போது இரண்டு வருடக் கட்டணம் இருபது லட்சத்தைத் தாண்டிவிட்டது. தனியார் கல்லூரிகளிலும் கிட்டத்தட்ட அதே தொகைதான். விலை ஒன்று, சரக்கு வேறு. இது பலருக்கு உறைப்பதில்லை.

அக்கா மகளுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. 20 லட்சம் கடன், 10 சதவீத வட்டி. முதல் வருடம் பாதி, இரண்டாம் வருடம் பாதி என்று வங்கி கொடுக்கும். படித்து முடித்து ஆறு மாதம் கழித்துத் திருப்பிக் கட்ட ஆரம்பிக்கும்போது வட்டி சுமார் 4 லட்சம் சேர்ந்திருக்கும். ஆக 24 லட்சம். பத்து வருடத் தவணை என்றால் மாதம் ரூ.31,700. அதோடு, இரண்டு வருடம் வேலையை விடுவதால் போகிற சம்பளம் 9 லட்சத்துக்கு மேல். மேலே சொன்ன பன்னிரண்டு லட்சச் சிடிசியே கிடைத்தாலும், கையில் வருகிற அறுபதாயிரத்தில் பாதி கடனுக்கு. மீதியில் குர்கான் வாடகை. ஆக இன்றைக்கு அவளுக்கு மாதம் முப்பத்தெட்டாயிரம். இரண்டு வருடமும் வீட்டுப் பத்திரமும் கொடுத்த பிறகு, கடன் போக முப்பதாயிரத்துக்குக் கீழே.

இன்னொரு சூட்சுமம். வங்கிக்காரர்கள் கல்லூரிகளைத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஸ்டேட் பேங்கின் ஸ்காலர் லோன் போன்ற திட்டங்களில், அவர்கள் பட்டியலின் மேல் வரிசையில் இருக்கும் கல்லூரி என்றால் பெரிய தொகையைக்கூட அடமானம் இல்லாமல் தருகிறார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்திலும், தகுதி பெற்ற கல்வி நிறுவனங்களுக்கு அடமானமும் வேண்டாம், ஜாமீனும் வேண்டாம். பட்டியலில் இல்லாத கல்லூரி என்றால் பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேல் போனாலே சொத்து கேட்பார்கள். இதை நான் இப்படிப் படிப்பேன்: கடனைத் திருப்பித் தரும் அளவுக்கு அந்தப் படிப்பு சம்பாதித்துக் கொடுக்கும் என்று வங்கி நம்பினால் படிப்பையே அடமானமாக எடுத்துக்கொள்கிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் வீட்டைக் கேட்கிறது. தரவரிசைக்காரர்கள் சொல்லாததை வங்கி மேனேஜர் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறார்.

4. எப்போது படிப்பது

இரண்டு வருடப் படிப்பு, கல்லூரி முடித்த கையோடும் மூன்று வருட அனுபவத்துக்குள்ளும் இருப்பவர்களுக்குப் பொருந்தும். துறையை அடியோடு மாற்றுவதற்கும் அதுதான் வசதி, ஏனென்றால் நடுவில் இரண்டு மாதம் வேறொரு கம்பெனியில் பயிற்சிக்குப் போய்க் கையை நனைத்துப் பார்க்கலாம். ஹைதராபாத் ஐஎஸ்பி (2001) கொண்டுவந்த ஒரு வருடப் படிப்பும், அகமதாபாது ஐஐஎம் 2006ல் ஆரம்பித்தது போன்ற அனுபவசாலிகளுக்கான ஒரு வருடப் படிப்புகளும் வேறு ரகம். ஏற்கெனவே இருக்கும் பாதையில் இரண்டு படி தாண்ட நினைக்கிறவர்களுக்கானவை. எட்டு வருட அனுபவத்தோடு இரண்டு வருடப் படிப்பில் சேர்ந்தால், இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு அதே சம்பளத்துக்கு வரிசையில் நிற்க வேண்டி வரும்.

"அது டிகிரியா, டிப்ளமாவா?" என்று பெரியவர்கள் கவலைப்படுவார்கள். ஐஐஎம்களே 2018ல் அவற்றுக்கான சட்டம் நடைமுறைக்கு வரும் வரை டிப்ளமாதான் கொடுத்துக்கொண்டிருந்தன. தனியார் இடம் என்றால் ஏஐசிடிஇ அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாத இடம் என்றால், ஏன் இல்லை, அது உன்னைப் பாதிக்குமா என்று தெரிந்துகொண்டு சேருங்கள். அரசு வேலை, பிஎச்டி என்று யோசனை இருப்பவர்களுக்கு இது முக்கியம்.

சரி, அக்கா மகள் என்ன ஆனாள்?

திங்கட்கிழமைக் கேள்வியை அவளிடமும் கேட்டேன். உடனே பதில் வரவில்லை. புதன்கிழமை இரவு அவளே கூப்பிட்டாள்.

"மாமா, யோசிச்சுப் பாத்தேன். டெஸ்டிங்ல எனக்கு எதுவும் பிடிக்கல. ஆனா புதுசா சேர்றவங்களுக்கு நான்தான் சொல்லிக்குடுப்பேன். போன வருஷம் ஒரு பொண்ணு நைட் ஷிஃப்ட் தாங்காம வேலைய விடப் பாத்தா. நான்தான் டீம் லீடுகிட்ட பேசி மாத்திக் குடுத்தேன். அந்த மாதிரி வேலைன்னா காலைல எந்திரிச்சு ஓடுவேன்."

"அதுக்குப் பேர் ஹெச்ஆர். நீ சேரப்போற காலேஜ்ல அது இருக்கா?"

"இருக்கு மாமா. டூயல் ஸ்பெஷலைசேஷன்னு போட்டிருக்கு."

"அங்க ஹெச்ஆர் எடுத்தவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு பாரு."

பன்னிரண்டு பேருக்கு எழுதினாள். ஐந்து பேர் பதில் போட்டார்கள். இரண்டு பேர் ஆள்பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிகளில் ஆறேழு லட்சத்தில். மூன்று பேர் பழைய ஐடி கம்பெனிகளுக்கே வேறு பெயரில் திரும்பிவிட்டவர்கள். அதில் ஒரு பெண் போனிலேயே பேசியிருக்கிறாள். "ஹெச்ஆர்தான் வேணும்னா, ஹெச்ஆருக்குன்னே ஆள் எடுக்க வர்ற எடத்துக்குப் போ" என்று சொன்னாளாம். யாரோ ஒரு புண்ணியவதி.

அப்புறம்தான் சென்னையிலேயே இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கைப் பற்றிச் சொன்னேன். எழும்பூரில், 1952ல் மேரி கிளப்வாலா ஜாதவ் ஆரம்பித்தது. மூன்று வருடமாகச் சென்னையில் இருப்பவள், பெயரைக் கேட்டதுகூட இல்லை என்றாள். ஹெச்ஆர் ஆட்களிடம் கேட்டால் தெரியும், அங்கே படித்த சீனியர்கள் எத்தனை கம்பெனிகளில் இருக்கிறார்கள் என்று. கட்டணம் அந்த இருபத்தொரு லட்சத்தின் பக்கத்தில்கூட வராது. மேலே போக ஆசை இருந்தால் எக்ஸ்எல்ஆர்ஐக்கும் டிஸ்ஸுக்கும் முயற்சி செய்யலாம். 2025 நவம்பர் 21ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, 29 பழைய சட்டங்களை ஓரங்கட்டிவிட்டன. ஒவ்வொரு கம்பெனியிலும் அதைப் படித்துப் புரிந்து நடத்திக்காட்ட ஆள் வேண்டும். அந்தத் துறைக்கு ஒழுங்காகப் படித்து வருகிறவர்களுக்கு வேலை இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வந்தது, பணம் கட்டவில்லை. கல்லூரியிலிருந்து சனிக்கிழமை போன் செய்து, உங்களுக்காகத் தேதியைப் பத்து நாள் நீட்டித்திருக்கிறோம் என்றார்களாம். (சீட்டுக்கு அவ்வளவு அடிதடி என்றால் தேதி எப்படி நீளும் என்று அத்தானே கேட்டார். வாத்தியார் அல்லவா.) அவள் ஜனவரியில் எக்ஸாட் எழுதப்போகிறாள், சென்னைக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கிறாள். அதுவரை, தன் கம்பெனியிலேயே புதியவர்களுக்குப் பயிற்சி தரும் பிரிவுக்கு மாற்றல் கேட்டிருக்கிறாள். கிடைத்தால் நேர்முகத்தில் சொல்ல ஒரு வருட அனுபவம். கிடைக்குமா, நுழைவுத் தேர்வில் தேறுவாளா என்றெல்லாம் இன்றைக்கு யாருக்குத் தெரியும்? அக்காவுக்கு இன்னும் என் மேல் கோபம். "பொண்ணுக்கு வயசாகுதுடா, ஒரு வருஷத்த வீணாக்கிட்ட" என்கிறாள். அத்தான் மட்டும் பத்திரத்தைத் திரும்ப பீரோவில் வைத்ததாக வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினார்.

எதுவுமே தெரியாதவர்களுக்கு

"மாமா, எனக்கு என்ன ஆசைன்னே தெரியலையே" என்று வருகிறவர்கள்தான் அதிகம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வயதில் பலருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் எல்லாத் துறையிலிருந்தும் கம்பெனிகள் வருகிற, பொதுவான பெரிய கல்லூரிக்கு முயற்சி செய்யலாம். அதற்குத்தான் கேட் தேர்வில் வருடத்துக்குச் சுமார் மூன்று லட்சம் பேர் மோதுகிறார்கள். அந்த இடங்களில் பெயருக்கே ஒரு விலை உண்டு, முதல் வருடம் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அங்கே கிடைக்கவில்லை, ஆசையும் தெரியவில்லை என்றால், இருபது லட்சம் கொடுத்து அதைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஒரு வருடம் ஏதாவது ஒரு வேலையில் இருங்கள். எந்த வேலையைச் செய்யும்போது மணி பார்க்காமல் இருக்கிறீர்கள் என்று கவனியுங்கள். அதற்கு அவர்கள் சம்பளமும் தருவார்கள்.

இங்கே சாக்கனில் மழை பிடித்துக்கொண்டது. நாளை திங்கட்கிழமை. பத்து மணிக்கு நான் எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது லைன் சனிக்கிழமை மாலையே மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது :-)